தாங்கும் என்னும் சொல்

பெங்களூருவின் குடியிருப்பு வளாகம் ஒன்றில், தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் அடர்ந்து நிற்கும் செடியைத் தோட்டக்காரர் 'கோடுபோட்ட புல்லு' என்று அழைக்கிறார். அங்கு குடியிருப்போருக்கு அது ஸ்பைடர் பிளான்ட். தாவரவியலாருக்குக் குளோரோஃபைட்டம் கோமோசம். குளோரோஃபைட்டம் என்பதற்குக் கிரேக்கத்தில் 'பச்சைச் செடி' என்று பொருள். இலையில் ஓடும் வெண்கோட்டுக்காகவே உலகெங்கும் விரும்பி வளர்க்கப்படும் செடிக்கு அப்படியொரு பெயர் வாய்த்திருக்கிறது.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, தாவரவியல் வகைப்பாட்டில் புல் அன்று. தண்ணீர்விட்டான் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் தோட்டக்காரரின் பெயரைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. அந்தப் பகுப்பில் பனையும் தென்னையும்கூடப் புல்லினமே. 'புல்' என்ற சொல் தமிழில் எப்போதும் இன்றைய தாவரவியலின் எல்லைக்குள் அடங்கி நின்றதில்லை.

இச்செடி அவ்வளாகத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு தடையாணை. 2024 மார்ச்சில், கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்றும், மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. நாள்தோறும் நீர் பாய்ச்சிக் காத்த புல்தரை ஏப்ரலுக்குள் வைக்கோல் நிறமாயிற்று. மாடிப்படி ஓரத்துத் தொட்டிகளில் கேட்பாரற்றுக் கிடந்த இந்தச் செடிகள் மட்டும் வாடவில்லை. மண்ணுக்குள் விரல் பருமனில் வெண்ணிறக் கிழங்கு வேர்கள் இருந்தன. நீர் கிடைத்த நாள்களில் சேமித்ததைக் கொண்டு, கிடைக்காத நாள்களை அவை கடந்தன.

மழை தொடங்கியதும் தோட்டக்காரர் வேலையில் இறங்கினார். இச்செடியின் பூந்தண்டு நீண்டு வளைந்து, அதன் நுனியிலும் கணுக்களிலும் குட்டிச்செடிகளைத் தாங்கும். அவற்றின் அடியில் வேர்முனைகள் முன்கூட்டியே அரும்பியிருக்கும்; மண்ணைத் தொட்டால் ஊன்றிக்கொள்ளும். விதையிட்டு வளர்த்தால் வெண்கோடு பெரும்பாலும் தொடர்வதில்லை. குட்டியை ஊன்றினால் தாயின் கோடு அப்படியே வரும். ஓர் அடி இடைவெளியில் நூற்றுக்கணக்கான குட்டிகளை அவர் ஊன்றினார். ஆண்டு முடிவதற்குள் பழைய புல்தரையின் இடம் நிறைந்தது.

வளாகத்தின் குழு மகிழ்ந்தது. 'வறட்சி தாங்கும் செடி. பராமரிப்பு தேவையில்லை' என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அதே பக்கத்தின் அடுத்த தீர்மானம், தோட்டக்காரரின் வேலைநாள்களை வாரத்துக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தம் கையால் ஊன்றிய செடியே தம் கூலியைக் குறைத்ததைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

அடுத்த கோடையில் இலை நுனிகள் பழுப்பேறிக் கருகத் தொடங்கின. நீர் போதவில்லை என்று கருதி, வீடுகளின் நீர்ச் சுத்திகரிப்புக் கருவிகள் கழிக்கும் நீரைச் சேகரித்து நாள்தோறும் ஊற்றினார்கள். வீணாகும் நீரைப் பயன்படுத்தும் நல்லெண்ணம்தான். கருகல் கூடியது. வேலைநாளில் வந்த தோட்டக்காரர் செயலாளரிடம் சொன்னார்:

"சார், இது தண்ணி பத்தாம கருகல. தண்ணி சரியில்லாம கருகுது. எங்க ஊர்ல பல்லுல கறை புடிக்கிறது இந்த மாதிரி தண்ணியாலதான்."

அவருடைய ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களிலும் எலும்புகளிலும் அதன் தடம் படிந்த தலைமுறைகள் அங்கு உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் ஒரு நோக்கமாக இடம்பெற்றது அதனால்தான். குளோரோஃபைட்டம் ஃபுளோரைடுக்கும் உப்புக்கும் எளிதில் பாதிக்கப்படும் செடி. வேர் உறிஞ்சும் நீர் இலை வழியே ஆவியாகிவிடும்; அதில் கரைந்து வந்தவை நுனியில் தங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சுத்திகரிக்கும்போது கழிவாக வெளியேறும் நீரில் இவற்றின் செறிவு இன்னும் அதிகம். இந்த வேதியியலை அவர் படித்ததில்லை. தண்ணீர் உடலில் என்ன செய்யும் என்பதைத் தம் ஊரார் வாயில் பார்த்தவர் அவர்.

கழிவுநீரை நிறுத்தச் செய்தார். கூரையின் மழைநீர்க் குழாய்களுக்கடியில் பீப்பாய்கள் வைத்தார். மண்ணில் சேர்ந்த உப்பு அடித்தட்டுக்கு இறங்கும்படி மழைநீரை நிறைய ஊற்றி, அதன்பின் மண் காயும்வரை விட்டார். கருகிய நுனி மீண்டும் பசுமையாவதில்லை. புதிதாக வந்த இலைகள் பழுதின்றி வந்தன.

'தாங்கும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். இயல்பைச் சொல்லும், எவ்வளவு, எதுவரை, எந்த நிலையில் என்பவற்றைச் சொல்லாது. வறட்சி தாங்கும் செடி நீர்க்குறைவைத் தாங்கும்; நீரின் கேட்டையும் அது தாங்கும் என்று அச்சொல் உறுதி தரவில்லை. பராமரிப்பு தேவையில்லை என்பதையோ அச்சொல் சொல்லவேயில்லை. குறிப்பேட்டை எழுதியவர்கள் சேர்த்துக்கொண்ட பொருள் அது. ஒரு பெயரெச்சத்தின் இடைவெளியில் ஒரு மனிதரின் நான்கு நாள் கூலி விழுந்துவிட்டது.

குழு பின்னர் மூன்றாவது நாளை மட்டும் திரும்பக் கொடுத்தது. மீதி நாள்களில் அவர் வேறு இரண்டு வளாகங்களுக்குப் போகிறார். அங்கும் புல்தரைகள் பட்டுப்போயிருக்கின்றன. போகும்போது ஈரச்சாக்கில் சுற்றிய குட்டிச்செடிகளை எடுத்துச் செல்கிறார். எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறார்கள் என்று கேட்ட பிறகே அவற்றை மண்ணில் ஊன்றுகிறார்.