பிள்ளை கீறட்டும்

"படம் கீறினால் சோறு வருமா?" என்று கேட்கும் பெற்றோரை நாம் ஊரிற் கற்பித்த காலத்திலும் கண்டோம், புலம்பெயர்ந்த பின்னரும் காண்கின்றோம். கணிதத்துக்கு ரியூசன் தேடி அலையும் நமது சமூகத்தில் சித்திரம் என்றும் கடைசி வாங்குப் பாடமே. அது மனநோவை ஆற்றும் என்று கூறினால் நகைப்போரே அதிகம்.

பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் யூத ஓவியரின் கதையை அன்னார் அறிதல் நன்று. 1934இல் வியன்னாவை விட்டுப் பிராக் நகரில் அகதியாக வாழ்ந்த இவர், 1942 டிசம்பரில் நாஜிகளால் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். கொண்டுசெல்ல அனுமதித்த சிறு பொதியில் ஓவியப் பொருள்களையும் கட்டிக்கொண்டே சென்றார். அங்கே பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் அடைபட்டிருந்த சிறுவர்க்குப் படம் கீறக் கற்பித்தார். தாளுக்குப் பஞ்சம், கழித்த அலுவலகப் படிவங்களின் பின்புறமே தாளாயிற்று. கோடுகளின் தாளம், நிறச்சேர்க்கை, வெட்டி ஒட்டுதல் என்பனவே அவர்தம் பாடங்கள். முகாமில் வெறும் இலக்கங்களாகிவிட்ட பிள்ளைகள் படத்தில் தத்தம் பெயரை எழுதினர். இந்தப் பெயரெழுத்தே நம்மை மிகவும் உலுக்கியது.

1944 ஒக்டோபரில் அவர் ஆஷ்விட்சிற் கொல்லப்பட்டார். அப்பிள்ளைகளுட் பெரும்பாலோரும் மீளவில்லை. இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த ஏறத்தாழ 4,500 படங்கள் எஞ்சின. அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அவரிடம் பயின்ற ஈடித் கிராமர் 1938இல் நியூயோர்க் சென்று, ஓவியச் சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரானார். நமது மட்டக்களப்பிலும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒன்றாயிருந்து வரைந்தனர், களிமண் பிசைந்தனர், கதை புனைந்தனர்.

நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன் உளன். குடும்பம் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றது. அவன் தாள் முழுவதையும் கறுப்பால் நிரப்புவான். "ஏனப்பு வெள்ளைப் பேப்பரைப் பழுதாக்கிறாய்?" என்று தாய் சினப்பார், மறுகணமே நம்மை நோக்கி, "இதுக்கு என்ன கருத்து, ரீச்சர்?" என்று கலங்குவார். படம் பார்த்துக் குறி சொல்ல நமக்குத் தகுதியில்லை. அன்று கூர் தீட்டியிருந்தது கறுப்புப் பென்சில் மட்டுமாகவும் இருக்கலாமன்றோ! பிள்ளை உறங்காமலும் உண்ணாமலும் இருந்தால் மருத்துவரிடமே செல்லவேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஆனால் கீறும் கையை நிறுத்தவேண்டாம், விளக்கமும் கேட்கவேண்டாம் என்றோம்.

சென்ற மாதம் அத்தாயிடமும் ஒரு தாளை நீட்டினோம். வெகுநேரம் மறுத்தவர், பின்பு தம் வீட்டுக் கிணற்றடியைக் கீறலானார். துலாவைக் கண்ட மகன், "இதென்னம்மா?" என்றான். வகுப்பு முடிந்து மற்றவர்கள் சென்ற பின்னும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.