உப்பு ஊரில் ஒரு பகல்

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் ஏரிக்கரைக்கு ஒரே பகலில் போய்த் திரும்பிவிடலாம். போகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

ரயிலை விட்டு இறங்கினால் ஊரைக் காணோம். குட்டியாக ஒரு ஸ்டேஷன், மரங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் பாதை, அதன் முடிவில் படகுத் துறை. அவ்வளவுதான். ஹால்ஸ்டாட் எதிர்க்கரையில் இருக்கிறது. ரயில் பயணிகளுக்காகக் காத்திருக்கும் படகு ஏரியின் நடுவுக்கு வந்த பிறகுதான் ஊர் முழுதாகக் கண்ணில் படுகிறது. செங்குத்தான மலை, அதன் காலடியில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பது போல வீடுகள், தண்ணீர் ஓரமாகக் கூர்கோபுரத்தோடு ஒரு தேவாலயம். படகில் பேச்சு நின்றுபோகிறது. அடுத்த நொடி கேமராக்கள் மேலே எழுகின்றன.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை. சால்ஸ்பர்கிலிருந்து காலையில் கிளம்பிய நான்கு நண்பர்கள் அந்தப் படகில் இருக்கிறார்கள். இருவர் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். மற்ற இருவர் இந்தியாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். கல்லூரிக் காலத்திலிருந்தே சேர்ந்து ஊர் சுற்றுபவர்கள் என்பதால் வேலைப் பிரிவினை தானாக நடந்துவிடுகிறது. ஒருவர் கையில் கேமரா. ஒருவர் கையில் ரயில் அட்டவணை. ஒருவருக்கு வரலாறு. நான்காமவர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர். மாலையில் ரயிலைப் பிடித்தாக வேண்டும். கையில் இருப்பது ஏழு மணி நேரம்.

இடப் பற்றாக்குறை இந்த ஊரின் பழைய கவலை. பின்னால் மலை, முன்னால் 125 மீட்டர் ஆழமுள்ள ஏரி. நடுவில் கிடைத்த துண்டு நிலத்தைக் கொஞ்சம்கூட வீணாக்காமல் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கரையோர வீடுகளுக்கு இடையே போய்வரப் படகு வேண்டும். இல்லாவிட்டால் வீடுகளின் பரண் வழியாகவே போகும் ஒடுக்கமான மேல்வழி. வெளியூர்க்காரர்கள் வருவதென்றால் படகு அல்லது மலைப்பாதை. 1877ல் ரயில் வந்தபோதுகூட எதிர்க்கரையோடு நின்றுவிட்டது. பாறையை வெடி வைத்துப் பிளந்து ஊருக்குச் சாலை போட்டது 1890ல்தான். அதற்கு வெகு முன்பே, 1750ல் ஏற்பட்ட பெரும் தீயில் நடு ஊரின் மரவீடுகள் எரிந்துபோயின. இன்று ஜன்னல் பூந்தொட்டிகளோடு சதுக்கத்தைச் சுற்றி நிற்பவை அதன் பிறகு எழுந்தவை. சில வீடுகளின் முகப்பில் பேரிக்காய் மரம் சுவரோடு சுவராகத் தட்டையாக வளர்க்கப்பட்டிருக்கிறது. இங்கே மரத்துக்குக்கூடக் கிளை பரப்ப அனுமதியில்லை.

இப்படி ஒரு நெருக்கடியான இடத்தில் மனிதர்கள் ஏன் குடியேறினார்கள்? விடை மலைக்குள் இருக்கிறது. உப்பு. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு உப்புக்காக மனிதர்கள் வந்ததற்குத் தடயங்கள் உண்டு. சுரங்கத்துக்குள் 2003ல் கிடைத்த மரப் படிக்கட்டு கி.மு. 14ம் நூற்றாண்டில் வெட்டிய மரத்தால் ஆனது. உப்பு அதை உளுத்துப்போக விடவில்லை. மனிதனையும்தான்: 1734ல், பழங்காலச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் உடல் உப்பில் பதப்பட்ட நிலையில் அகப்பட்டது.

சுரங்க அதிகாரி யோஹான் கியோர்க் ராம்சாவர் 1846ல் மலைமேல் சில புதைகுழிகளைக் கண்டார். 1863 வரை தோண்டி, ஏறத்தாழ 980 கல்லறைகளைத் திறந்தார். கிடைத்த வாள்களும் வெண்கலப் பாத்திரங்களும் இருந்த நிலை நீர்வண்ண ஓவியங்களாகப் பதிவாயிற்று. கி.மு. 800 முதல் 450 வரையிலான ஐரோப்பிய ஆரம்ப இரும்புக் காலத்துக்கு இன்று ஹால்ஸ்டாட் காலம் என்றே பெயர். சுமார் 750 பேர் வசிக்கும் ஊரின் பெயரில் ஒரு கண்டத்தின் வரலாற்றுக் காலமே இருக்கிறது.

வரலாற்றுக்காரரும் அட்டவணைக்காரரும் கயிற்று ரயிலில் சுரங்கத்துக்கு ஏறுகிறார்கள். அங்கே பார்வையாளர்களுக்குச் சுரங்கத் தொழிலாளர்களின் உடுப்பு மாதிரி ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குப் போக, வழவழப்பான மரச் சறுக்கு. மிக நீளமானது 64 மீட்டர். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தியபடி சறுக்குவதைப் பார்க்கலாம். பாறை உப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்த உப்புநீரை வெளியே கொண்டுபோய்க் காய்ச்சுவதுதான் இங்கே பின்னாளில் வந்த முறை. காய்ச்ச விறகு வேண்டும். பக்கத்துக் காடுகள் போதவில்லை. விறகை இங்கே கொண்டுவருவதைவிட உப்புநீரை விறகு இருக்கும் இடத்துக்கு அனுப்புவது சுலபம் என்று கணக்குப் போட்டார்கள். 1595ல் தொடங்கி 1607க்குள், குடைந்த மரத்தடிகள் சுமார் 13,000த்தைக் கோத்து எபென்சே வரை 40 கி.மீ. நீளத்துக்குக் குழாய் போட்டார்கள். உப்புநீர் இன்றும் எபென்சேவுக்குத்தான் போகிறது, மரக்குழாயில் இல்லாவிட்டாலும்.

கீழே கேமராக்காரர் வேறு சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார். ஊரின் வடக்குக் கோடியில், எல்லா நாட்காட்டிகளிலும் வரும் அந்தப் படத்தை எடுக்கும் இடம். அங்கே ஏற்கனவே ஒரு கூட்டம். சொல்லாமலே வரிசை உருவாகியிருக்கிறது. அவர் முறை வருவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும் போலத் தெரிய, பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டுப் படியில் நண்பரை உட்காரவைத்துக் குறி பார்க்கிறார். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். திடீரென்று நண்பர் எழுந்துவிடுகிறார். கேமராக்காரருக்குக் கோபம். “ஏம்ப்பா, நல்லா வந்துக்கிட்டிருந்ததே!” நண்பர் பதில் சொல்லாமல் கண்ணால் காட்டுகிறார். பின்னால் காய்கறிப் பையோடு ஒரு வயதான பெண்மணி நிற்கிறார். அது அவருடைய வீடு. அவர்கள் முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கையில் சாவி தயாராக இருக்கிறது. அவர் திட்டவில்லை. தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றுகிறது.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. 1997ல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2006ல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரின் காட்சிகள் இங்கே படமாக, கிழக்காசியாவில் ஊர் பிரபலமாயிற்று. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பெருநிறுவனம் ஹால்ஸ்டாட்டைத் தேவாலயம், சதுக்கம் சகிதம் நகலெடுத்து 2012ல் திறந்தது. விஷயம் முன்கூட்டியே தெரிந்தபோது ஊர்க்காரர்கள் அதிர்ந்தார்கள். திறப்பு விழாவுக்கு மேயர் போய்க் கலந்துகொண்டார். நகலைப் பார்த்தவர்களுக்கு அசலைப் பார்க்கும் ஆசையும் வந்தது. உச்ச சீசனில் ஒரு நாளைக்கு 10,000 பேர் வரை வந்து போகிறார்கள் என்கின்றன செய்திகள். அதாவது, ஊர்க்காரர் ஒருவருக்கு விருந்தாளி பதின்மூன்று பேர்.

2020ல் சுற்றுலா பஸ்களுக்கு முன்பதிவு கட்டாயமாயிற்று. 2023 மே மாதம், படமெடுக்கும் கூட்டம் அதிகமாக நிற்கும் இடத்தில் ஏரியை மறைத்து ஒரு மரத்தடுப்பு எழுந்தது. உலகமே பேசியது, தடுப்பு சில நாட்களில் இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் சுரங்கச் சாலையைக் கொஞ்ச நேரம் மறித்து, வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள்.

இதில் ஊருக்கு வரும்படி இல்லாமலில்லை. விடுதி, உணவகம், படகு, கைவினைக் கடை எல்லாம் வெளியூர்க்காரர்களை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் தங்குகிறவர் இரவு உணவு சாப்பிடுகிறார், காலையில் ரொட்டி வாங்குகிறார், கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசுகிறார். பகலில் வந்து போகிறவர் ஒரு ஐஸ்கிரீம் வாங்குகிறார், கழிப்பறையைத் தேடுகிறார், படம் எடுக்கிறார், போய்விடுகிறார். சதுக்கத்து உணவகத்தில், ஏரியில் பிடித்த மீனை எலுமிச்சையோடு சாப்பிட்டபடி நண்பர்கள் பேசிக்கொண்டது இதைத்தான். “நாமும் அந்தப் பத்தாயிரத்தில் நாலு பேர்தானே” என்கிறார் வேடிக்கை பார்ப்பவர். மற்ற மூவரிடமும் பதில் இல்லை.

மதியத்துக்குப் பிறகு படிகள் ஏறிக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஏரியைப் பார்த்தபடி ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு குழிமேலும் பூச்செடி. இடப் பற்றாக்குறை இங்கே இறந்தவர்களையும் விடவில்லை. புதைத்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்து, குழியை அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. எடுத்த மண்டையோட்டைச் சுத்தம் செய்து, வெளுக்கும் வரை வெளியில் வைத்து, பெயரும் ஆண்டும் எழுதி, பூமாலையோ இலைக்கொடியோ வரைந்து பக்கத்திலிருக்கும் எலும்பு மண்டபத்தில் அடுக்கினார்கள். சுமார் 1,200 மண்டையோடுகள். அவற்றில் 610 வண்ணம் தீட்டியவை. குடும்பம் குடும்பமாகச் சேர்ந்திருக்கின்றன. 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை அனுமதித்த பிறகு இந்த வழக்கம் அருகியது. கடைசியாக 1995ல் ஒரு பெண்ணின் மண்டையோடு அவருடைய விருப்பப்படி இங்கே வந்து சேர்ந்தது. பார்த்தவுடன் அடையாளம் தெரியும்: ஒரு தங்கப் பல்.

பயமுறுத்தும் என்று நினைத்துப் போனவர்களுக்கு அங்கே பயம் வரவில்லை. தன் முறை முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு ஒதுங்குவதை அலுப்போ வருத்தமோ இல்லாமல் இவ்வளவு அழகாகச் செய்த ஊர் இது. கேமராக்காரர் இங்கே கேமராவை எடுக்கவில்லை.

இறங்கி வரும்போது சதுக்கம் காலியாகத் தொடங்கியிருக்கிறது. பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. மலை நிழல் ஏரிமேல் நீள்கிறது. பகலெல்லாம் சாத்தியிருந்த ஜன்னல்கள் திறக்கின்றன. ஒருவர் நாயோடு வெளியே வருகிறார். எங்கிருந்தோ பாத்திரம் கழுவும் சத்தம். இரண்டு சிறுவர்கள் படகுத் துறையிலிருந்து தண்ணீரில் குதிக்கிறார்கள். கூட்டத்தில் கேட்காமல் இருந்த அருவிச் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்கிறது. காலையிலிருந்து தேடிய ஊர் இப்போதுதான் வந்திருக்கிறது. ஆனால் அட்டவணைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

போக விரும்புகிறவர்கள் இதை வைத்துத் திட்டமிடலாம். சால்ஸ்பர்கிலிருந்து அட்நாங்-புக்ஹைமில் ரயில் மாறினால் இரண்டரை மணி நேரப் பயணம். கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கியவுடன் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை விட்டால் ரயிலும் போச்சு. சுரங்கமும் கயிற்று ரயிலும் எந்த மாதங்களில் இயங்குகின்றன என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. சீசன் இல்லாத ஒரு வார நாளும், அங்கேயே ஓர் இரவும் கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டு வாசல்களை வீட்டுக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

திரும்பும் படகில் கேமராக்காரர் அன்றைய படங்களைத் தள்ளிப் பார்க்கிறார். ஒன்றில் வெறும் படி, எழுந்துகொண்டிருக்கும் நண்பரின் பாதி முகம், ஓரத்தில் ஒரு காய்கறிப் பை. அழித்துவிடுவாரா என்று நண்பர் எட்டிப் பார்க்கிறார். அழிக்கவில்லை. “அடுத்த தடவை இரண்டு நாளாவது தங்கணும்” என்கிறார். எதிர்க்கரையில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்குகின்றன.