250 கிலோமீட்டர்... கூடவே ஓடிவந்த கோபி!

லட்சக்கணக்கில் பணம் கட்டி, விமானம் ஏறிப் போய், ஒரு வாரம் வெயிலில் காய்வதற்கென்றே பாலைவனம் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விலை கொடுத்து வினை வாங்குவது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது இதுதான் போலிருக்கிறது!

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பாட்ரிக் பாயர் என்ற பிரெஞ்சுக்காரர். 1984-ல் சஹாராவில் சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தைத் தன்னந்தனியாக நடந்தே கடந்தார். அதோடு விட்டாரா? 1986-ல் 23 பேரைச் சேர்த்துக்கொண்டு மொராக்கோ பாலைவனத்தில் ஓட்டப்பந்தயமே தொடங்கிவிட்டார். கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். ஒரு வாரத்துக்கான சாப்பாடு, படுக்கை, மருந்து எல்லாம் ஓடுபவரின் முதுகில். தண்ணீரை மட்டும் கொடுப்பார்கள். எல்லோருக்கும் கடைசியில் ஒட்டகங்கள் நிதானமாக நடந்து வரும். அவை உங்களைத் தாண்டிப் போய்விட்டால் ஆட்டம் அவுட்!

அதே பாணியில் மற்ற நாடுகளின் பாலைவனங்களிலும் பந்தயங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானோருக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு பதக்கமும், கழன்று விழுந்த சில கால் நகங்களும்தான். பிறகு எதற்காகப் போகிறார்கள்? டியான் லியோனார்டின் கதை தெரிந்தால் கொஞ்சம் புரியும்.

டியான் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மனைவியோடு குடியிருந்தவர். 2016 ஜூனில் சீனாவின் கோபி பாலைவனத்தில் நடந்த 250 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் போனார். ஊர் பார்க்கவோ நட்பு பிடிக்கவோ போகவில்லை. ஜெயிக்கப் போனார்.

இரண்டாம் நாள் காலை, புறப்படும் கோட்டில் நிற்கும்போது காலடியில் ஏதோ சீண்டியது. குனிந்து பார்த்தால், குட்டைக் கால்களோடு, மண் நிறத்தில் ஒரு சின்ன நாய். மணல் புகாமல் இருக்க ஷூவுக்கு மேல் அவர் மாட்டியிருந்த மஞ்சள் உறையைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் வந்து திரும்பிவிடும் என்று நினைத்தார். அதுவோ தியான் ஷான் மலைப் பாதையில் அன்றைய ஓட்டம் முழுவதும் கூடவே வந்தது. இரவில் கூடாரத்தில் அவர் பக்கத்திலேயே சுருண்டு படுத்தது.

கட்டுச்சோற்றை எண்ணி எண்ணிச் சாப்பிட வேண்டிய பந்தயம் அது. அதில் நாய்க்கும் ஒரு பங்கு போனது. கோபி என்று பெயரும் வைத்தாயிற்று.

மறுநாள் வழியில் ஆறு. டியான் தண்ணீரில் இறங்கிப் பாதி தூரம் போய்விட்டார். கரையில் நின்றபடி கோபி அழுதது. முன்னணியில் ஓடுகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் தங்கம். இருந்தும் திரும்பி வந்தார். நாயைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்.

ஒன்பது வயதில், அப்பா என்று நம்பியிருந்தவர் தன் கண்ணெதிரே இறந்ததைப் பார்த்தவர் டியான். அதன்பின் வீட்டில் நிம்மதி இல்லாமல் வளர்ந்ததைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். யாரையும் ஒட்டாமல் ஓடப் பழகியவர், ஓர் அழையா விருந்தாளிக்காகத் திரும்பி நடந்த அந்தச் சில அடிகள்தான், 250 கிலோமீட்டரிலும் கடினமானவையாக இருந்திருக்க வேண்டும்.

வெயில் உச்சத்தில் இருந்த நாட்களில் கோபியை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். எல்லைக்கோட்டில் அது காத்திருக்கும். அப்படியும் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தூரம் தன் காலாலேயே ஓடியிருந்தது. பந்தயத்தில் டியானுக்கு இரண்டாம் இடம்.

நாயை உடனே ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோக முடியாது. மருத்துவப் பரிசோதனை, தனிமைக் காலம், ஏகப்பட்ட காகிதங்கள். கோபியை ஒருவர் பொறுப்பில் விட்டு ஊர் திரும்பினார். செலவுக்கு முகம் தெரியாதவர்களெல்லாம் பணம் அனுப்பினார்கள். அந்த நேரத்தில்தான் உரும்ச்சி நகரத்தில் கோபி காணாமல் போனது.

லட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரம். மொழி தெரியாது. தெருவில் நாய்களுக்கும் பஞ்சமில்லை. நம்பிக்கையே இல்லாமல்தான் டியான் மறுபடி விமானம் ஏறினார். உள்ளூர்க்காரர்கள் தெருத்தெருவாகத் தேடினார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்படியொரு நோட்டீஸைப் பார்த்த ஓர் அப்பாவும் மகனும், அதே ஜாடையில் ஒரு நாயைக் கண்டதாகச் சொன்னார்கள். புகைப்படத்தைப் பார்த்த டியானுக்கு நம்பிக்கை வரவில்லை. நேரில் போய் வாசலில் கால் வைத்ததும், அந்த நாய் ஓடிவந்து அவர் காலைச் சுற்றியது.

தலையில் காயம், இடுப்பிலும் அடி. இனி ஒரு நாளும் தனியே விடுவதில்லை என்று முடிவு செய்த டியான், அனுமதி கிடைக்கும்வரை பெய்ஜிங்கில் வீடு பிடித்துக் கோபியோடு மாதக்கணக்கில் தங்கினார். 2017 ஜனவரியில் இருவரும் எடின்பரோ வீட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு பூனை ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தது.