சூளைக்குள் வழவழப்பு

சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சூளையில் உருக்கி ஒட்டும்போது மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக நின்றால், பெரும்பாலும் சூடு போதவில்லை. 730 டிகிரி செல்சியஸ் வாக்கில் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், விளிம்பு மழுங்கும், அவ்வளவுதான். மட்டமாக வேண்டுமானால் 800-ஐ ஒட்டிப் போய், பத்து நிமிடமாவது அங்கே நிறுத்த வேண்டும்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது கனத்தைத்தான். உருகிய கண்ணாடி தானாகவே சுமார் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு வரப் பார்க்கும். 3 மில்லிமீட்டர் ஒற்றை அடுக்காக வைத்தால் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு, ஓரமெல்லாம் ஊசி ஊசியாக முள் நிற்கும். தடவினால் விரல் கிழியும். அதனால் இரண்டு அடுக்காக வையுங்கள்.

மேலே சாம்பல் பூத்தாற்போல மங்கினால், பரப்பு படிகமாகிவிட்டது என்று அர்த்தம். விரல் ரேகை, வெட்டும் எண்ணெய், அரைத்த தூள், இவற்றில் ஏதாவது ஒட்டியிருந்தாலே போதும், அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு துண்டையும் கழுவி, நூல் உதிராத துணியால் துடைக்கப் பொறுமை வேண்டும். எனக்கு மிகப் பிடித்த வேலையும் அதுதான்! படிகமாவது பெரும்பாலும் 700 முதல் 760 டிகிரிக்குள்தான்; அங்கே சூளையைத் தேங்கவிடாமல் சட்டென்று கடத்துங்கள்.

விரிவெண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதன் அளவு) 90 உள்ள கண்ணாடியையும் 96 உள்ள கண்ணாடியையும் கலக்கவே கூடாது. எவ்வளவு வழவழப்பாக வந்தாலும் ஆறும்போதோ பிறகோ விரிசல் விடும்.