முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள்

ஹைதராபாத்வாசிகளுக்கு இசிஐஎல் என்பது பஸ் பலகையில் பார்க்கும் ஊர்ப்பெயர். அந்தப் பெயருக்குக் காரணமான அரசு நிறுவனத்தின் வளாகத்தில்தான் 21 மீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியைப் பூட்டிப் பார்த்தார்கள். பிறகு அக்கக்காகக் கழற்றி 2014இல் லடாக்குக்கு அனுப்பினார்கள். 'மேஸ்' என்ற அந்த 180 டன் ராட்சதன் இப்போது சீன எல்லையை ஒட்டிய ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் காமாக் கதிர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. முறைப்படி திறந்து வைக்கப்பட்டது 2024 அக்டோபரில்.

இரும்பைக் கழற்றிப் பூட்டினால் போய்ச் சேர்ந்துவிடும். உடம்பு அப்படியல்ல. செகந்திராபாத் பத்மாராவ் நகரில் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதிக்கு இது புரிய ஒரு மாதம் ஆயிற்று. கணவருக்கு வயது 64. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் செய்த தொலைநோக்கியையும், நம் ஊரில் தெரியாத நட்சத்திரங்களையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி 2022இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் அங்கே விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் இளைஞர்களே சிறு தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு வானத்தைக் காட்டுகிறார்கள்.

நட்சத்திரம் பார்க்க நிலா இருக்கக் கூடாது. எனவே பாம்புப் பஞ்சாங்கத்தில் ஆகஸ்ட் அமாவாசையைத் தேடினார். "அமாவாசையிலா பயணம்?" என்று பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் முகம் சுளித்தார். தமிழருக்கு நல்ல நாள் தெலுங்கருக்கு ஆகாத நாள். அந்தச் சிக்கல் சிரிப்போடு முடிந்தது.

முடியாத சிக்கல் காற்று. ஹைதராபாத் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லே 3,500 மீட்டரில். விமானம் ஒரே நாளில் அங்கே இறக்கிவிடும். ஆனால் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் இரண்டு நாள் எங்கும் போகாமல் சும்மா இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். ஹான்லேயில் 'கீழே' என்பது பல மணி நேரக் கார் பயணம்.

மகன் ஹைடெக் சிட்டியிலிருந்து கம்ப்யூட்டரில் தயாரித்து அனுப்பிய திட்டத்தில் ஏழு நாளில் ஒன்பது இடங்கள் இருந்தன. அம்மா பேனாவை எடுத்தார். பாங்காங் ஏரி போயிற்று. நூப்ரா போயிற்று. லேயில் மூன்று இரவு, சிந்து நதிக்கரையில் வெந்நீர் ஊற்று உள்ள சுமத்தாங்கில் ஓர் இரவு, ஹான்லேயில் இரண்டு இரவு. நடுவே இரண்டு நாள் வெறுமையாகவே விடப்பட்டது. எல்லைப் பகுதி என்பதால் அனுமதி விதிகளை லேயில் விசாரித்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று.

"வெறும் நாளுக்கா ஓட்டல் காசு?" என்றார் கணவர்.

"உங்களுக்குத்தாங்க அந்த நாள்" என்றார் மனைவி.

அதில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லி இரண்டு நாள் மறைத்தவர் அவர். ஸ்டென்ட் வைத்துத்தான் பிழைத்தார். இப்போது பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன. நிதானமாகப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மனைவிக்குக் கவலை இதயத்தைப் பற்றியல்ல, வாயைப் பற்றி. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வலியை விழுங்கிக்கொண்டு மலையேறுகிறவர்தான் அங்கே ஆபத்தில் மாட்டுகிறார். சமவெளியில் பெருமையாகச் சொல்லும் பொறுமை, அந்த உயரத்தில் உயிரைக் குடிக்கும்.

எனவே திட்டத்தாளின் அடியில் தமிழில் மூன்று வரி எழுதினார்: தலை வலித்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். யார் திரும்பலாம் என்றாலும் இருவரும் திரும்ப வேண்டும். பிறகு அதைக் குத்திக்காட்டக் கூடாது.

கணவர் இரண்டு முறை படித்தார். மூன்றாவது வரி யாருக்கு என்று கேட்டார். "அது எனக்கு" என்றார் மனைவி. அதன் பிறகுதான் விமான டிக்கெட் வாங்கினார்கள்.