ஒத்தைக் காது ரசிகன்

சிவகாசிக்காரன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "சார், வெடி சல்லிசாக் கிடைக்குமா?" எனக்கு ஒரு வெடி இலவசமாகவே கிடைத்தது. என் இடது காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

1983 தீபாவளி. எனக்குப் பதிமூணு வயசு. திரியைப் பற்ற வைத்தவன் பக்கத்து வீட்டு நண்பன். 'புஸ்ஸுனு போச்சு' என்று குனிந்து பார்த்த புத்திசாலி நான். டமால்! வெடிச் சத்தம் 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1999-ல்தான் சட்டம் போட்டது. எனக்கும் அந்த வெடிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. "நரம்பு அடிபட்டிருக்கு, இனி திரும்பாது" என்றார் டாக்டர்.

ஆரம்பத்தில் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. டீக்கடையில் இலங்கை வானொலி, பங்குனிப் பொங்கலுக்குக் குழாய் ஸ்பீக்கர்... எல்லாமே ஒரே வாயால் பாடுகிறவை. ஒத்தைக் காது தாராளம்.

வில்லங்கம் வாக்மேன் ரூபத்தில் வந்தது. நாங்கள் காலேஜில் படிக்கும்போது நண்பனின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். போட்ட கேசட், இளையராஜா இசையமைத்த 'ப்ரியா'. 1978-ல் வந்த படம். தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஸ்டீரியோ வந்தது அதில்தான். வாத்தியங்களை இடம், வலம் என்று பிரித்து உட்கார வைக்கிற சமாசாரம்.

"மாப்ளே, அந்த கித்தாரைக் கேட்டியா?" என்றான்.

"எந்த கித்தார்?"

அவன் முகம் சுருங்கிப் போனது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். கித்தார் வந்தது, வயலின் காணாமல் போனது! ஊருக்கெல்லாம் கேசட்டுக்குத்தான் இரண்டு பக்கம். எனக்கு ஒவ்வொரு பாட்டுக்குமே இரண்டு பக்கம். திருப்பித் திருப்பிப் போட்டால்தான் ஒரு பாட்டு.

அந்த வெடியைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வேலை செய்தான். இயர்போனில் வலது குமிழ் எனக்கு, இடது அவனுக்கு. இடப்பக்கம் வாத்தியம் வரும்போதெல்லாம் வாயாலேயே வாசிப்பான். "டொய்ங் டொய்ங்... இப்ப கித்தார்... ஃபூ ஃபூ... புல்லாங்குழல்டா!" பஸ்ஸில் நாலு பேர் தள்ளி உட்காருவார்கள். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' பாட்டே இல்லாத, வாத்தியம் மட்டுமே உள்ள ஆல்பம். முழுசையும் வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு வாரம் மிளகுப் பால் குடித்தான்.

பிறகு எனக்கு விருதுநகர் பருப்பு மண்டியில் கணக்கு எழுதும் வேலை. அவன் சிவகாசியிலேயே தங்கிவிட்டான். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வந்துவிடுவான். எண்ணெய் பரோட்டா, அப்புறம் பாட்டு. இந்த வழக்கம் மட்டும் மாறவே இல்லை.

போன மாதம் என் மகள் செல்போனை வாங்கி எதையோ தட்டினாள். "மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்குப்பா. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே காதுல குடுக்கும்."

'ப்ரியா'வைப் போட்டேன். கித்தாரும் வயலினும் கை கோத்துக்கொண்டு வந்தன. அம்பது வயசுக்கு மேல் கண் கலங்கினால், "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறார்கள் வீட்டில்.

உடனே அவனுக்கு போன் போட்டேன். "மாப்ளே, எல்லாம் சேர்ந்து கேட்குதுடா!"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "நெசமாவா?" என்றான். மூக்கை உறிஞ்சினான். அப்புறம் மெதுவாக, "அப்போ சனிக்கிழமை நான் வர வேண்டாமா?"

"பரோட்டாவுக்கு யாரு காசு குடுப்பா? ஒழுங்கா வந்து சேரு."

இப்போதெல்லாம் சனிக்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அந்த மோனோவை அணைத்து வைத்துவிடுகிறேன். அவனுடைய டொய்ங் டொய்ங் இத்தனை வருஷமாகியும் சுருதி சேரவில்லை. அது வேறு விஷயம்!