பெயர் மாறிய புகையிரத நிலையம்

ஜேர்மனியின் றூர் பிரதேசத்தில் வாழும் எம்மவர்களுக்குப் போஹும் நகரம் புதிதல்ல. அங்குள்ள பிரதான நிலையத்தில் கெல்சன்கிர்ஷன் செல்லும் சிறிய புகையிரதத்தில் ஏறினால், சில நிமிடங்களில் றீம்க்க என்ற தரிப்பிடம் வரும். முன்பு இதன் பெயர் 'போஹும் நோக்கியா'. அந்தப் பாதையையே 'நோக்கியா பாதை' என்றுதான் அழைத்தார்கள். இன்று அதன் பெயர் 'குளுக்கவுப் பாதை'. சுரங்கத் தொழிலாளர் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல் அது.

போஹுமின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1973இல் மூடப்பட்டது. அதன்பின் வந்த புதிய தொழில்களை இந்நகரம் பெரிதும் நம்பியது. கைத்தொலைபேசி செய்யும் நோக்கியா தொழிற்சாலைக்கு மாநில அரசும் மத்திய அரசும் 1990களில் கொடுத்த மானியம், இன்றைய நாணயத்தில் சுமார் 88 மில்லியன் ஈரோ.

2008 ஜனவரி 15ஆம் திகதி, தொழிற்சாலையை மூடி உற்பத்தியை ருமேனியாவுக்குக் கொண்டு செல்வதாக நிறுவனம் அறிவித்தது. இங்கே கூலி அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். நிரந்தரத் தொழிலாளர் சுமார் 2,300 பேர். இடைத்தரகு நிறுவனங்கள் ஊடாக வேலை செய்தவர்கள் வேறு. ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். அறிவிப்பு வந்து ஒன்பதாம் நாள் நிறுவனம் தன் கணக்கை வெளியிட்டது: 2007இன் இலாபம் 7.2 பில்லியன் ஈரோ. அதாவது, நட்டத்தில் மூழ்கிய நிறுவனம் எடுத்த முடிவல்ல இது. பின்லாந்தின் எஸ்போ நகரில் மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குப் போஹும் ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

ருமேனியத் தொழிலாளருக்காவது விடிவு கிடைத்ததா? குளூஜ் நகருக்கு அருகே திறந்த அந்தத் தொழிற்சாலையையும் மூடுவதாக 2011இல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, வரித் தகராறுக்குப் பின் 2014 நவம்பரில் நின்றது. கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் பலர் அங்கே வேலை செய்தவர்கள்.

போஹும் தொழிலாளர் வெறுங்கையோடு போகவில்லை. தொழிற்சங்கமும் தொழிலாளர் மன்றமும் பேரம் பேசி, சுமார் 200 மில்லியன் ஈரோ நட்டஈட்டுத் திட்டத்தைப் பெற்றுக் கொடுத்தன. ஆனால் அது நிரந்தரத் தொழிலாளருக்கானது.

புதிதாக வந்து, கிடைத்த வேலையைச் செய்யும் எம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் யாருடன், எவ்வளவு காலத்துக்கு என்று மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். வேலைத்தலத்தில் தொழிலாளர் மன்றம் இருந்தால் அதன் உறுப்பினர்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். சங்கச் சந்தா வீண்செலவு அல்ல.

எம் பிள்ளைகள் பலர் இன்று கணினித்துறை படிக்கிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் அப்படியொரு மேசையில் அமரக்கூடும். ஒருநாள் அவர்களை றீம்க்கவுக்குக் கூட்டிச் சென்று, இந்தத் தரிப்பிடத்தின் பழைய பெயர் ஏன் போனது என்று சொல்லுங்கள்.